ஜன்னலோரத்தில் ஒரு திருநீற்றுப்பச்சை

ஊரிலிருந்து ரயிலேறி வரும் நம்மவர்களின் மூட்டையை அவிழ்த்தால் உள்ளே என்னென்ன இருக்கும் என்று தில்லித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளி, கருப்பட்டி, மோர்மிளகாய், கூழ்வற்றல், அப்பளக்கட்டு. 2017-ம் ஆண்டு ஆடி மாதத்தில், அம்பாசமுத்திரத்தை அடுத்த கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, இனி எங்களுடனேயே இருப்பது என்று என் மாமியார் மயூர் விஹாருக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய மூட்டையிலும் இவையெல்லாம் இருந்தன. கூடவே, பழைய வேட்டித் துணியில் முடிந்த ஒரு சிறு முடிச்சும் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். காய்ந்த பூங்கதிர்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் உதிர்ந்தன.

“என்ன அத்தை இது?”

“பச்சை வெதைளா. கெணத்தடியில நின்னதுதான். ஒரு தொட்டியில போட்டு வை.”

திருநீற்றுப்பச்சையைத்தான் எங்கள் பக்கத்தில் சுருக்கமாகப் ‘பச்சை’ என்போம். விபூதிப் பச்சிலை என்றும் சிலர் சொல்வார்கள். மரு, மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கதம்பத்தில் கட்டுவது, சாமிக்குச் சாத்துவது, தலையில் வைத்துக்கொள்வது.

அத்தைக்கு அப்போதே எழுபது வயதைத் தாண்டியிருந்தது. கண்ணில் அழுத்த நோய். நேரே இருப்பது ஓரளவு தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஊர் வீட்டில் அவருக்கு இது பெரிய குறையாக இருக்கவில்லை. அடுக்களைப் படி இறங்கி நாலு எட்டு வைத்தால் புடவையில் பச்சை உரசும், வாசனை வரும். கிணற்றடி வந்துவிட்டது என்று அர்த்தம். தில்லி ஃபிளாட்டில் அப்படி அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா அறையும் ஒரே மாதிரித் தரை, ஒரே மாதிரி வாசனை. இதை அவர் சொல்லி நான் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

பீட்சா இலை

மழைக்காலத்துச் சூட்டிலும் ஈரத்திலும் விதைகள் ஆறே நாளில் முளைத்தன. புரட்டாசி பிறப்பதற்குள் பால்கனித் தொட்டியில் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆச்சி, இது பீட்சா இலை!” என்று கூவினாள்.

குழந்தை சொன்னது சரிதான். இத்தாலிக்காரர்கள் பீட்சாவின் மேல் போடுவதும், ஜெனோவா நகரத்தார் பூண்டும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து ‘பெஸ்டோ’ என்று அரைப்பதும், கடைகளில் ‘பேசில்’ என்று விற்பதும் இந்தச் செடியேதான். தாவர நூலில் ஓசிமம் பசிலிக்கம் என்று பெயர். நம் துளசி இதன் நெருங்கிய உறவு. ஆனால் வேறு இனம். துளசியில் கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கும். பச்சையில் சோம்பின் இனிப்பு கலந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. வெயில் காலத்தில் ரோஸ் மில்க்கிலும் பலூடாவிலும் மிதக்கும் சப்ஜா விதை இருக்கிறதே, அதுவும் இதன் விதைதான். நீரில் போட்டதும் வழவழப்பான உறை கட்டிக்கொண்டு உப்புகிறதல்லவா? மண்ணிலும் அப்படித்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு முளைக்கிறது. மளிகைக் கடைச் சப்ஜாவில் ஒரு சிட்டிகை தூவினாலே செடி வந்துவிடும். நானும் பிற்பாடு அதைப் போட்டுப் பார்த்தேன். அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “பச்சைதான்... ஆனா நம்ம பச்சை இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். இந்தச் செடியில் வகைகள் பல. இலையில் ஊறும் எண்ணெயின் சேர்மானத்தைப் பொறுத்து வகைக்கு வகை வாசனை மாறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதல் சாவு: குளிர்

அந்த ஆண்டு டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் செடி முழுதும் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்குகிறது. யாராவது எதையாவது ஊற்றிவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மேலே வந்து பார்த்தார். “இஸ்கோ டண்ட் லக் கயீ” என்றார். குளிர் பிடித்துவிட்டதாம். அவர் வீட்டுத் துளசிக்குக் கார்த்திகை முடிந்ததும் சிவப்புத் துப்பட்டா சுற்றிவைப்பதை நான் வெறும் சாங்கியம் என்று எண்ணியிருந்தேன். சாங்கியத்துக்குள்ளே கெட்டிக்காரத்தனமும் இருந்திருக்கிறது.

இந்தச் செடி வெப்ப நாட்டுச் செடி. வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலை கறுத்துவிடும். தில்லியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 5, 6 டிகிரி என்பது சாதாரணம். அம்பாசமுத்திரத்துச் செடிக்கு அப்படியொரு இரவு இருக்கிறது என்பதே தெரியாது. (கிள்ளிய தழையைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கறுத்துப்போவதும் இதனால்தான். பூங்கொத்து வைப்பதுபோலத் தண்ணீர் உள்ள தம்ளரில் வெளியே வைத்தால் நாலைந்து நாள் தாங்கும்.)

இரண்டாம் சாவு: தண்ணீர்

2018-ல் ஊர் வீட்டை விற்றோம். வாங்கியவர் கிணற்றடியைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டுவிட்டதாக உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அத்தை, “நல்லதுதான், வழுக்காது” என்று மட்டும் சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை.

முடிச்சில் பாக்கியிருந்த விதையில் பாதியை அந்த மழைக்காலத்தில் போட்டேன். ஐப்பசி முடிந்ததுமே தொட்டியை உள்ளே எடுத்து அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். குளிர் தொடாது, இனி என்ன கவலை? தினமும் இரண்டு வேளை தண்ணீர். அரிசி களைந்த தண்ணீரையும் அத்தை தன் பங்குக்கு ஊற்றுவார். ஊரில் அதுதானே வழக்கம்!

முதலில் செடி நெட்டையாகி, ஒடிந்து விழுவதுபோல ஜன்னல் பக்கம் சாய்ந்தது. பிறகு அடியிலை மஞ்சளாயிற்று. தொட்டியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கறுப்புக் கொசு பறந்தது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். தை பிறப்பதற்குள் வேர் அழுகிச் செத்தது.

சாலையோர நர்சரியில் ஒரு வயதான மாலி இருந்தார். தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தார். “இதுக்குத் தாகம் இல்லை, பேன் ஜீ. தூப் சாஹியே” என்றார். வேண்டியது வெயில். வெயில் இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. குடிக்காத தண்ணீர் மண்ணில் நின்று வேரை அழுகவைக்கும். அழுகும் வேர் நீரை இழுக்க முடியாததால் இலை வாடும். அதைத் தாகம் என்று நாம் எண்ணி இன்னும் ஊற்றுவோம். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. நம் பாசத்தால் சாகின்றன.

வெயில் எங்கே விழுகிறது?

2019 அக்டோபரில், முடிச்சில் கடைசியாக இருந்த விதையிலிருந்து வந்த செடி பால்கனியில் நின்றது. இதுவும் போனால் அவ்வளவுதான். எனவே முதல் முறையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டுக்குள் வெயில் எங்கே, எத்தனை மணிக்கு விழுகிறது என்று கவனித்துக் குறித்தேன்.

எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் அம்பாசமுத்திரத்தில் தென்வானில் 58 டிகிரி உயரத்தில் இருக்கும். தில்லியிலோ 38 டிகிரிதான். தெற்கே சாய்ந்தே போகும் அந்தச் சூரியன் வடக்குப் பால்கனியை ஏறிட்டும் பார்க்காது. பகலும் அங்கே 11½ மணி நேரத்துக்கு மேல். இங்கே 10 மணி 20 நிமிடம். ஆனால் இதிலேயே ஒரு நன்மையும் உண்டு. தாழ்ந்து வரும் வெயில் தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக அறைக்குள் நெடுந்தூரம் நுழையும். எங்கள் வீட்டில் தெற்கு ஜன்னல் ஒன்றே ஒன்று. அது என் மகன் படிக்கும் அறையில் இருந்தது. பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அவனுடைய மேஜை மேல் வெயில் விழுந்தது. அந்நேரம் அவன் பள்ளிக்கூடத்தில் இருப்பான்.

அத்தையின் கட்டில் கிடந்தது வடக்குப் பக்கச் சிறிய அறையில். நான் எழுதிய தாளில் அந்த அறைக்கு நேரே ஒன்றுமே இல்லை. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. கண் மங்கியவருக்குக் குளியலறை பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் அந்த அறையைக் கொடுத்தோம். இரண்டு குளிர்காலம் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். “ஊருக்கே போயிருதேன்” என்று இடையிடையே சொன்னதற்கு, “அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் அத்தை?” என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். செடிக்கு வெயில் தேடாவிட்டால் அந்தத் தாளை நான் எழுதியே இருக்க மாட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடுக்களையில் நின்றேன்.

அடுத்த ஞாயிறு அறைகளை மாற்றினோம். மகன் முணுமுணுத்தான், ஒரு மேஜை விளக்கு வாங்கிக் கொடுத்ததும் சமாதானமானான். குளியலறைக்குப் போகும் வழியில் சுவரோரமாகப் பிடித்து நடக்க ஒரு கம்பி அடித்தோம். அத்தையின் கட்டில் தெற்கு ஜன்னலுக்கு வந்தது. பச்சைத் தொட்டி ஜன்னல் திட்டுக்கு வந்தது. முதல் நாள் முதுகில் வெயில் பட்டதும், “இங்கயும் வெயில் அடிக்குமாளா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பனிமூட்டம் கவிந்து சூரியன் முகமே காட்டாத நாட்கள் வரும். அதற்காக 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் ஒன்றைச் செடியின் தலைக்கு ஒரு சாண் மேலே கட்டினோம். வெண்மை ஒளி தரும் சாதாரண டியூப்பே போதும். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை, 14 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள்தான் ஆகிறது.

சாகாத செடியின் ரகசியம்

அந்தக் குளிரை செடி தாண்டியது. ஆனால் மாசி மாதத்தில் தண்டு விறகாகி, இலை சிறுத்து, கதிர் கதிராகப் பூத்து, தளர்ந்துவிட்டது. இப்போது என்ன குறை வைத்தேன் என்று கலங்கினேன். அத்தை தண்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “அதுக்கு வயசாயிட்டுளா. அவ்வளவுதான்.”

“ஊரில் நாற்பது வருஷம் நின்றதே அத்தை?”

“நின்னுச்சு. அதே செடியா நின்னுச்சு?”

திருநீற்றுப்பச்சை பெரும்பாலும் ஓராண்டுச் செடி. பூத்து விதை வைத்தால் அதன் வேலை முடிந்தது. ஊரில் கதிர் முற்றி விதை உதிரும்; அடுத்த மழைக்குத் தாயின் காலடியிலேயே நாலு கன்று முளைக்கும். தாய் போனதை யாரும் பார்ப்பதில்லை. தினமும் கதம்பத்துக்கென்று வீட்டுப் பெண்கள் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்ததால் கிளை வெடித்துப் புதராக நின்றது, பூப்பதும் தள்ளிப்போயிற்று. இங்கே நான் பாசத்தில் ஓர் இலையைக்கூடக் கிள்ளாமல் வைத்திருந்தேன். உதிர்ந்த விதைக்கோ மூன்றாம் மாடியில் விழ மண் ஏது? மார்பிள் தரையில் விழும்; துடைப்பத்தோடு போகும். மாடி வீட்டில் இந்தச் செடி தானாகத் தொடராது. ஒரு கை எடுத்துத் தொடரவைக்க வேண்டும்.

அன்று அத்தை சொல்லச் சொல்ல, பூக்காத இளங்கிளைகளாக ஐந்தைக் கிள்ளித் தண்ணீர்த் தம்ளரில் போட்டேன். பத்தாம் நாள் வெள்ளை நூல்போல வேர். விதையில் வரும் கன்று பக்கத்துச் செடியின் மகரந்தம் கலந்து மாறிவிடலாம். கிளையில் வரும் கன்று தாயேதான்; அதே இலை, அதே வாசனை. 2020-லிருந்து இன்றுவரை ஆண்டுக்கு இரண்டு முறை இப்படிக் கிளை மாற்றி வருகிறேன். ஜன்னல் திட்டில் இப்போது நிற்பது எத்தனையாவது கன்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனால் கிணற்றடியில் நின்ற அந்தப் பச்சைதான் அது.

வளர்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்:

1. விதைக்க ஏற்ற காலம் வட இந்தியாவில் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை. அல்லது ஜூலை, ஆகஸ்ட். விதையை ஆழப் புதைக்காமல் மேலே தூவி, மெல்லிய மண்ணால் மூடினால் போதும். ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும்.

2. தொட்டி ஒரு சாண் அகலம் இருக்கட்டும்; அடியில் ஓட்டை அவசியம். தோட்டமண், மட்கிய எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றும் சம அளவு. நர்சரிக் களிமண்ணை மட்டும் போட்டால் நீர் வடியாது.

3. தண்ணீர் ஊற்றும் முன் விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் எனக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை போதுமாக இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பனிக்கட்டி போலிருக்கும். முதல் நாளே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துக் காலையில் ஊற்றவும்.

4. அரிசி களைந்த தண்ணீர் தோட்டத்துக்கு நல்லது. மூடிய அறைத் தொட்டிக்கு வேண்டாம். கறுப்புக் கொசு அதனால் பெருகும். வந்துவிட்டால் மேல்மண்ணை நன்றாகக் காயவிடுங்கள்.

5. நாள் ஒன்றுக்கு 5, 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இல்லையேல் விளக்கு. செடி நெட்டையாகிச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

6. இரவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் குளிர் இறங்கும். இலை கண்ணாடியைத் தொடாதபடி தொட்டியை உள்ளே நகர்த்துங்கள். ஹீட்டரின் எதிரிலும் வைக்காதீர்கள், இலை கருகும்.

7. தீபாவளிக்குப் பிறகு தில்லியில் இலை மேல் புகைத்தூசி படியும். வாரம் ஒருமுறை, வெயிலுள்ள காலையில், ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள்.

8. நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு வாரந்தோறும் கிள்ளுங்கள். கதிர் எட்டிப் பார்த்தால் உடனே எடுங்கள். சமையலுக்கானால் அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். கொதித்தால் வாசனை போய்விடும்.

9. செப்டம்பர் கடைசியிலும் மார்ச்சிலும் கிளை எடுங்கள். நாலு விரல் நீளம், கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கித் தண்ணீரில் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வேர் இரண்டு விரற்கடை நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

அத்தைக்கு இப்போது எண்பதைக் கடந்துவிட்டது. பார்வை இன்னும் குறைந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கையை நீட்டித் திட்டைத் தொடுவார். ஓர் இலையைக் கிள்ளி முகர்வார். பிறகு சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போவார். திரும்பி வரும்போது கட்டில் எந்தப் பக்கம் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. மகள் வளர்ந்துவிட்டாள். நூடுல்ஸ் மேல் போட அவள் இலை கேட்டால் ஆச்சிதான் கிள்ளிக் கொடுப்பார். நுனியாகப் பார்த்து, கதிரை விட்டுவைக்காமல்.

இந்த மார்ச்சில் எடுத்த கிளைகளில் பதினொன்று வேர்விட்டிருக்கின்றன. எங்களுக்கு மூன்று போதும். ஒன்று கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்கு. மீதி ஏழையும் சித்திரைத் திருநாள் விழாவுக்கு எடுத்து வருகிறேன். விரும்புகிறவர்கள் மூடியுள்ள சிறு பாட்டில் ஒன்று கொண்டு வாருங்கள். என்றாவது ஒரு குளிரில் எங்கள் வீட்டுச் செடி போய்விட்டால், உங்களில் யாரிடமாவது வந்து ஒரு கிளை கேட்பேன், கொடுக்க வேண்டும். விலை அதுதான்.